கண்மூடிச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.12.

விளக்குகள் எரிந்தன. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் அந்தப் பழைய டாங்கோ ஹாலில் இருந்த முப்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். மேர்சி மட்டும் தன் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர மணிக்கூடு," என்றார். கத்தவில்லை. "அவர் எடுத்துக்கொண்டு போயிட்டார்."

"யார் ஆன்ட்டி?"

"வேற ஆர்? பஞ்சலிங்கம்தான்."

டாக்டர் பஞ்சலிங்கம் மேர்சியின் கணவர். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

கேள்வி கேட்டவள் எழிலரசி. ஈரோட்டுக்காரி, வயது நாற்பத்தொன்று, நியூஜெர்சியின் பார்சிப்பனியில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கிற வேலை. நின்றிருந்த காரை இடித்துவிட்டு எதிரி மேல் பழி போடுகிறவர்களைப் பதினாறு வருஷமாகப் பார்த்து அலுத்தவள். ஆபீஸ் மீட்டிங்குக்காகக் கலிபோர்னியா வந்தவளைக் கல்லூரித் தோழியும் மேர்சியின் மகளுமான கௌசிகா பிளசன்டனில் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள். சொன்னதற்குக் காரணம் இருந்தது.

"எழில், அம்மாவுக்கு செவ்வாய்க்கிழமை ஹார்ட் வால்வ் ஆப்பரேஷன். செய்யலைன்னா ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா ரெண்டு வாரமா டாங்கோ ஹாலில அப்பா வந்து ஆடுறார்னு சொல்றா. இன்னைக்கும் வந்தா ஆப்பரேஷன் வேண்டாமாம். நீ வந்து பாரு, ப்ளீஸ்."

டாங்கோ என்றால் வாயில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு ஆடுவது என்றுதான் எழில் நினைத்திருந்தாள். இங்கே ரோஜாவும் இல்லை, சிரிப்பும் இல்லை. எண்பது வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டுகளின் கரகரப்பு. பாட்டுக்கு நடுவில், ஆர்மோனியம் போல மடிந்து விரியும் ஏதோ ஒரு வாத்தியம் மூச்சு வாங்கி அழுதது. ஜோடிகள் அணைத்தபடி மெதுவாக நடந்தார்கள்.

"இதில வாசிச்சவங்க ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லீங்க," என்றார் சபரிநாதன், பெருமையாக. கரூர்க்காரர். ஹாலை நடத்துவதும் பாட்டுப் போடுவதும் அவர்தான்.

வந்த அரை மணிக்குள் அவள் மானம் கப்பலேறியது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அவளைப் பார்த்தார். மரியாதைக்கு நம்மூர் மாதிரி தலையை ஆட்டி வைத்தாள். மனிதர் எழுந்து நேரே வந்துவிட்டார். இங்கே தலையாட்டினால் ஆட வருகிறேன் என்று அர்த்தமாம். சரி என்று ஒரு பாட்டுக்குத் தடுமாறி, முடிந்ததும் "தேங்க் யூ" என்றாள். பெரியவர் முகம் வாடிப்போய் அவளை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார்.

"நாலு பாட்டு சேர்ந்து ஒரு சுற்று," என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சிரித்தாள். "நடுவில தேங்க் யூ சொன்னா, போதும் போயிடுன்னு அர்த்தம். விடுங்க, முதல் தடவை எல்லாரும் இப்படித்தான் மாட்டிப்போம்."

அவள் பெயர் ஸ்வர்ணா. ஐம்பத்தாறு வயது, சென்னை, இப்போது ஃப்ரீமான்டில் தனியாக இருக்கிறாள். கணுக்காலில் வார் கட்டும் உயரமான சிவப்புச் செருப்பு.

நாலு மணிக்குச் சற்று முன்பு சபரிநாதன் கறுப்புத் திரைகளை இழுத்தார். அந்த ஹாலின் வழக்கம் அது. இறந்துபோனவர்களுக்காக ஞாயிறுதோறும் ஒரு சுற்று. விளக்குகளை அணைப்பார்கள். பெண்கள் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஒரு கை வந்து தொட்டால் எழுந்து ஆடலாம். யாரென்று பார்க்கவோ கேட்கவோ கூடாது. முடிந்ததும் அந்தக் கை நாற்காலியில் கொண்டுவந்து விட்டுப் போய்விடும். சற்றுப் பொறுத்துத்தான் விளக்கு வரும்.

பதினாறு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக எழில், கண்ணை மூடு என்றதும் மூடினாள். அதற்காக இப்போது தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

4.20.

மேர்சி மகளின் போனை வாங்கினார். ஓய்வுபெற்ற நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெளிவான ஆங்கிலத்தில், செவ்வாய்க்கிழமை வரப்போவதில்லை என்று மெசேஜ் வைத்தார்.

"அம்மா!" கௌசிகா அழுதே விட்டாள்.

"மணிக்கூட்டை எடுத்தா என்ன அர்த்தம், பிள்ளை? என்ர நேரம் முடிஞ்சுது. கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்."

எழில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசினாரா ஆன்ட்டி?"

"அந்தச் சுற்றில ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"அப்புறம் எப்படி அவர்தான்னு?"

"முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தினனான், அவரோட ஆடியும் இருக்கிறன். எல்லாரும் டக்கெண்டு திரும்புற இடத்தில அவர் ஒரு மூச்சு நிப்பார். பிறகுதான் திரும்புவார். அது அவருக்கு மட்டும்தான் வரும். அவற்ற சென்ட் மணமும் வந்தது."

"ஏதாவது வித்தியாசம்?"

மேர்சி யோசித்தார். "முந்தி ஆடேக்க அவற்ற நாடி, இந்தத் தாடை, என்ர உச்சியில முட்டும். இப்ப கன்னத்தோட கன்னம். செத்தா ஆக்கள் சுருங்குவினம் போல. சப்பாத்துச் சத்தமும் இல்லை."

"வாட்ச்சுக்கு அடையாளம்?"

"வெள்ளி நிறம். எனக்குப் பெரிசு, கையில லூசாத்தான் கிடக்கும். அவருக்கு ஆஸ்பத்திரியில பத்து வருச சேவைக்குக் குடுத்தது. பின்பக்கம் வெட்டியிருக்கும். பு, த, ன். மூண்டே எழுத்து."

"புதனா?"

"புதன்கிழமை அவருக்கு இரவு டியூட்டி. சிரிக்கிறதுக்கு, பகிடியா அப்பிடி வெட்டிக் குடுத்தவையாம்."

4.35.

சபரிநாதன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். ஹாலில் இருந்த ஒரே தமிழ் ஆண் அவர்தான். எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"லேப்டாப் முன்னாடிங்க. அந்த வெளிச்சம் என் மூஞ்சியிலதானே அடிக்குது! ஆடின ஆம்பளைங்க அத்தனை பேரும் பார்த்திருப்பாங்க."

பார்த்திருந்தார்கள். மற்ற ஆண்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் யாரோடு ஆடினோம் என்று சொன்னார்கள். அந்தப் பதினோரு பெண்களும் கையையும் உயரத்தையும் வைத்து ஆமாம் என்றார்கள். மேர்சிக்கு ஆள் மிச்சமில்லை. வாசலில் கௌசிகா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தால் வெளியே நல்ல வெயில், தெரியாமல் இருக்காது. யாரும் வரவில்லை, போகவில்லை.

"அப்ப நிஜமாவே..." என்று கௌசிகா முடிக்காமல் நிறுத்தினாள்.

"ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் ஆட முடியுமா?" எழில் சபரிநாதனைக் கேட்டாள்.

"வருஷக்கணக்கா அவரோட ஆடியிருந்தா முடியுங்க. அவர் நடை நம்ம உடம்புல ஏறிக்கும்."

எழில் சுவரோரம் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

4.50. ஹாலின் பின்பக்க நடைவழி.

"அந்தச் சுற்றில நீங்க ஆடலையா, ஸ்வர்ணா?"

"இல்லையே. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடலை."

"அப்படியா? விளக்கு வந்தப்போ நீங்க குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிட்டிருந்தீங்க. வலது மாட்டியாச்சு, இடது பாதியில. உட்கார்ந்தே இருந்தவங்க செருப்பை எதுக்குக் கழட்டணும்?"

ஸ்வர்ணா இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாங்க எல்லாரும் ஆம்பளைங்களையே எண்ணிட்டிருந்தோம். ஹீல்ஸைக் கழட்டினா நீங்களும் மேர்சி ஆன்ட்டியும் ஒரே உயரம். கன்னத்தோட கன்னம். வெறுங்கால், அதான் சத்தமில்லை. ஆனா முதல்ல எனக்கு உறுத்தினது வாட்ச். இந்த ஊர் ஆஸ்பத்திரி எதுக்குங்க தமிழ்ல எழுத்து வெட்டித் தரும்? தமிழ் படிக்கிற வீட்டுல தமிழ் எழுத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படலை. அதை ஒரு தமிழ் ஆள்தான் குடுத்திருக்கணும். புதன்கிழமை ஆள்."

ஸ்வர்ணா சுவரில் சாய்ந்தாள். செருப்புப் பைக்குள் கையை விட்டு வாட்ச்சை எடுத்தாள். அவள் கழுத்துத் துணியில் ஆண்கள் சென்ட் வாசனை இன்னும் இருந்தது.

"நான்தான் குடுத்தேன். சான் ஹோசேயில ஒரு ஹால். ஒன்பது வருஷம், ஒவ்வொரு புதனும். அவர் செத்ததையே மெயில்ல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சாவுக்குப் போக முடியலை. அழுதா ஏன்னு கேப்பாங்க." வாட்ச்சின் பின்பக்கத்தை விரலால் தடவினாள். "அவரை என்னை மாதிரியே தேடுற ஆள் உலகத்துல இவங்க ஒருத்தர்தான். இருட்டுல ஒரு தடவை பிடிச்சுக்கலாம்னு தோணிச்சு, அப்புறம் வாராவாரம் விட முடியலை. திருடணும்னு வரலைங்க. இன்னைக்கு வாட்ச் கையில தட்டுப்பட்டுது. கழண்டு வந்துடுச்சு."

"அவங்க ஆப்பரேஷனை கேன்சல் பண்ணிட்டாங்க. புருஷன் கூப்பிடறார்னு."

ஸ்வர்ணா சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

பின்னால் வந்து நின்ற கௌசிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அப்பாவின் புதன்கிழமைகளுக்காகச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தவள் அவள்.

"தரையில கிடந்துச்சுன்னு குடுத்திடலாம், எழில். அம்மா தாங்க மாட்டா."

"கிடைச்சாலும் அவர் வந்தார்னுதானே நம்புவாங்க? செவ்வாய்க்கிழமை போக மாட்டாங்க. எது வேணும்னு நீயே சொல்லு."

கௌசிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்லிடலாம் என்று தலையசைத்தாள்.

5.10.

ஸ்வர்ணா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேர்சியின் முன் வந்து நின்றாள். முழு வெளிச்சம். சபரிநாதன் பாட்டைப் போட்டார்.

"ஆன்ட்டி, கண்ணை மூடுங்க," என்றாள் எழில். "நாலே அடி."

மேர்சி எழுந்தார். கை கையோடு சேர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப வேண்டிய இடத்தில் ஸ்வர்ணா நின்றாள். ஒரு மூச்சு. மேர்சியின் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

எழில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். எழுத்து, உயரம், செருப்பு, புதன். மேர்சி குறுக்கிடாமல் கேட்டார்.

"எத்தனை வருசம்?"

"ஒன்பது," என்றாள் ஸ்வர்ணா.

"ஆட்டம் மட்டுமோ?"

"ஆட்டம் மட்டும்தான். நீங்க நம்ப வேண்டாம்."

"அந்த நிக்கிற மூச்சு. அது எனக்காக நிக்கிறார் எண்டு நினைச்சனான்."

ஸ்வர்ணா தலையைக் குனிந்தாள். "எனக்கு இடது முழங்கால் சரியில்லை. திரும்பறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் வேணும். அப்படியே அவருக்குப் பழகிடுச்சு."

வாட்ச்சை நீட்டினாள். மேர்சி அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"வைச்சிரும். உம்மட சாமான்தானே."

நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. கௌசிகா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். மேர்சி அந்தக் கையைத் தட்டிவிட்டு, தன் கையை நீட்டினார்.

"போனைத் தா."

"யாருக்கு அம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு. செவ்வாய்க்கிழமை வாறன் எண்டு சொல்லோணும்." எண்களை அழுத்திக்கொண்டே சொன்னார்: "அந்தாள் அங்கயே கிடக்கட்டும். கொஞ்சக் காலத்துக்கு அவரோட நான் கதைக்கிறதா இல்லை."