ஞாயிற்றுக்கிழமைக் கடத்தல்

போன் அலறியது!

குசினியில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த டிலுசா அகப்பையை வைத்துவிட்டு எடுத்தாள். தெரியாத இலக்கம்.

"ஹலோ... ஆர்?"

"வின்சன் எங்களிட்ட இருக்கிறான்."

வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசும் ஆண் குரல்!

"எ... எந்த வின்சன்?"

"உங்கட கழகத்துப் பத்தாம் நம்பர்தான். விடிய கடலால வந்து வள்ளம் இழுக்கேக்க ஆளைத் தூக்கினனாங்கள். இண்டைக்கு அவன் மட்ச் விளையாட மாட்டான். பொலிசுக்குப் போனியோ... அவன்ர வலது கால் இருக்காது!"

டொக்!

அடுத்த நிமிடமே வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது.

நெல் மூட்டைகளின் மேல் ஒருவன் ஒருக்களித்துக் கிடந்தான். பத்தாம் இலக்கச் சட்டை. முழங்காலில் சிவப்பாய் வழிந்திருந்தது. கணுக்கால்கள் இரண்டும் நைலோன் கயிற்றால் இறுக்கப்பட்டிருந்தன.

"அம்மாாா!"

தேவாலயப் பூசைக்குப் போய்வந்த சேலையோடே புனிதம் ஓடிவந்தாள்.

"என்னடி பிள்ளை? எண்ணெய் தெறிச்சிட்டுதோ?"

டிலுசா போனை நீட்டினாள். அவள் பயந்திருந்தாள், அதை மறைப்பானேன்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வன்னியின் உதைபந்தாட்டப் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வட்ஸ்அப்பில் 'கனவு அணி' என்று ஒரு போட்டி நடத்துகின்றன. ஒவ்வொரு கிழமையும் ஆளுக்கொரு ஆட்டக்காரனைத் தெரிவு செய்ய வேண்டும். பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆட்டக்காரன். அவன் கொடுத்த பந்தில் கோல் விழுந்தால் உங்களுக்குப் புள்ளி! மற்றவர்கள் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். டிலுசா அப்படியில்லை. இந்தக் கிழமை அந்த ஆட்டக்காரனை மறிக்கப் போகிறவன் யார்... கனத்தவனா, பறக்கிறவனா... அதைத்தான் பார்ப்பாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்தே இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஐஸ் பக்டரியில் வேலை பார்க்கிற ஒரு பெண்!

இறுதிச் சுற்றில் அவளுக்கு எதிராளி ஜனார்த்தனன். வயல் ஊரான முரசுமோட்டையைச் சேர்ந்தவன். முல்லைத்தீவு பஜாரில் போன் கடை. அந்த வட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவன்தான். அவளுடைய ஊர் அலையொலிக் கழகத்தின் செயலாளரும் அவன்தான்.

கழகத்துக்கு மனேஜர் இல்லை, நான் வாறன் என்று டிலுசா கேட்டபோது குழுவே சிரித்தது. ஜனார்த்தனன் எல்லோரும் பார்க்க எழுதினான்.

'முதல்ல என்னை ஃபைனல்ல வெல்லுங்கோ தங்கச்சி. பிறகு மனேஜர் கதிரை உங்களுக்குத்தான்!'

'சரி அண்ணை. இப்பவே துடைச்சு வையுங்கோ!' என்று இவள் பதில் போட்டாள்.

இன்று பின்னேரம் அலையொலிக்கும் கனகராயன்குளத்துக்கும் இறுதி ஆட்டம். ஜனார்த்தனன் கனகராயன்குளத்து நிருஷனை எடுத்திருந்தான். டிலுசா வின்சனை எடுத்திருந்தாள். மூன்று மணியோடு தெரிவு பூட்டப்படும்; பிறகு ஆளை மாற்ற முடியாது.

இப்போது வின்சன் நெல் மூட்டையில் கிடக்கிறான்!

"கதிரை கிடக்கட்டும் அம்மா. அவன்ர கால் போனா?"

"பாவி மகன்! நாள் கிழமை பாக்காமல் அவன் ஏன் இண்டைக்குக் கடலுக்குப் போனவன்?"

டிலுசா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா... திருப்பிச் சொல்லுங்கோ!"

"என்னத்தை?"

"இண்டைக்கு ஞாயிறு! விடிய எங்கட கரையில எத்தினை வள்ளம் இறங்கினது?"

"ஒண்டும் இல்லை. ஞாயிறு விடிய ஆர் இஞ்ச தொழிலுக்குப் போறது? இறக்கினா சாமியார் கோயில்ல வைச்சுப் பேர் சொல்லி ஏசுவார்!"

"அப்ப கதைச்சவன் கடற்கரைக்காரன் இல்லை!"

பயம் போன இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்தது. டிலுசா படத்தைப் பெரிதாக்கினாள். கணுக்காலில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். வலைக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நுனியைத் தட்டினால் பொலபொலவென்று அவிழும். அந்த ஊரில் நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுவார்கள்.

"உது எங்கட முடிச்செல்லோ!" என்றாள் புனிதம்.

"ஓம். நெல்லு மூட்டையைப் பாத்தா, கதைச்சவன் வயல்காரன். கட்டினவன் கடற்கரைக்காரன்."

"அப்ப ரெண்டு பேர்..."

"இந்தப் படத்தில இருக்கிற கடற்கரைக்காரன் ஆர் அம்மா?"

புனிதம் படத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அட கோதாரி! தன்ர காலைத் தானே கட்டியிருக்கிறான்!"

"வின்சன்ர தாய்க்குப் போன் வந்திருந்தா இப்ப ஊரே கூடியிருக்கும். கப்டனுக்கு வந்திருந்தா குழுவே அலறியிருக்கும். எனக்கு மட்டும் ஏன் வந்தது? வின்சன் இல்லையெண்டா இண்டைக்கு ஆருக்கு லாபம்?"

"ஜனார்த்தனன்! அவன்ர கடைக்குப் பின்னால நெல்லு மூட்டை அடுக்கியிருக்கிறதை நானே கண்டனான்."

"அவர் சனிக்கிழமையே கடையைப் பூட்டிப்போட்டு முரசுமோட்டைக்குப் போற ஆள். எங்கட கரை ஞாயிறில எப்பிடி இருக்குமெண்டு அவருக்குத் தெரியாது!"

டிலுசா அடுப்பை அணைத்தாள். ஸ்கூட்டியின் திறப்பை எடுத்தாள்.

"எங்கயடி போறாய்?"

"கடத்தினவங்களைப் பாக்க!"

"நில்! நானும் வாறன். தனியப் போய் வாங்கிக் கட்டப் போறாய்!"

ஸ்கூட்டி பறந்தது.

கடையின் முன் ஷட்டர் இழுத்து மூடிக் கிடந்தது. தாயும் மகளும் பின்பக்கமாகப் பதுங்கிப் போனார்கள். களஞ்சிய அறையின் சின்ன ஜன்னலால் டிலுசா எட்டிப் பார்த்தாள்.

கடத்தப்பட்ட வின்சன், மூட்டையில் சாய்ந்து மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான்! முழங்காலில் வழிந்த 'இரத்தத்தை' விரலால் தொட்டு ரோல்ஸில் தடவினான். தக்காளிச் சோஸ்!

எதிரே ஜனார்த்தனன்.

"அவள் மாத்துவாளோ அண்ணை?"

"மாத்தாமல் என்ன செய்யிறது? இல்லாத ஆளை வைச்சிருப்பாளோ? தெரிவு பூட்டினாப் பிறகு நீ நொண்டி நொண்டி கிரவுண்டுக்கு ஓடி வா. தப்பி வந்தனான் எண்டு சொல்லு. சனம் உன்னைத் தூக்கிக் கொண்டாடும். நீ எத்தினை பந்து குடுத்தாலும் அவளுக்குப் புள்ளியில்லை!"

"அவள் மட்டும் மனேஜரா வரக்கூடாது அண்ணை. பயிற்சிக்கு வராதவனுக்கு இடமில்லையெண்டு இப்பவே சொல்லித் திரியிறாள். எனக்கே பயிற்சியோ?"

"உன்ர போனைத் தா. தப்பித் தவறி ஆருக்கும் எடுத்துக் கிடுத்துப் போடுவாய். நான் கிரவுண்டுக்குப் போறன்."

ஜனார்த்தனன் பின்கதவைச் சும்மா சாத்திவிட்டு மோட்டச்சைக்கிளில் ஏறிப் போனான். மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்த புனிதம் கொதித்தாள்.

"கத்தி ஊரைக் கூட்டட்டோ?"

"வேண்டாம். பகிடிக்குச் செய்தனாங்கள் எண்டு சிரிப்பாங்கள். பிறகு இவன் கிரவுண்டில இறங்கி, நான் தோக்கவேணுமெண்டே பந்து குடுக்காமல் நிப்பான்."

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

டிலுசா கதவுக் கொண்டியைப் பார்த்தாள். பூட்டு திறந்தபடி, திறப்பு இல்லாமல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொண்டியை மாட்டினாள். பூட்டை அமுக்கினாள்.

க்ளிக்!

உள்ளே ரோல்ஸ் மெல்லும் சத்தம் நின்றது.

"ஆரது... அண்ணையோ?"

"இல்லை. கடத்தல்காரர்!"

"டி... டிலுசா அக்கா! கதவைத் திறவுங்கோ! இது சும்மா பகிடிக்கு..."

"பகிடியோ? உன்ர கால் போயிடுமெண்டு எனக்கல்லோ போன் வந்தது. நான் நடுங்கின நடுக்கம் உனக்குப் பகிடி! உள்ளயே இரு ராசா. உன்ர காலுக்கு அதுதான் பாதுகாப்பு."

"எனக்கு மட்ச் இருக்கு!"

"எனக்கும் இருக்கு!"

ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று டிலுசா யோசித்தாள். இந்தக் கிழமை எதிரே நிற்பது யார்? கனகராயன்குளத்துச் சங்கிலி. தேக்கு மரம் மாதிரி ஆள். வின்சனை விட்டு விலகாதே என்று கிழமை முழுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வின்சன் வராவிட்டால் சங்கிலிக்கு மறிக்க ஆள் இல்லை. வின்சனுக்குப் பதிலாக இறங்கப் போகிறவன் வினோதன். ஒரு நாளும் பயிற்சியைத் தவறவிடாத பொடியன். அவனை யாரும் பொருட்படுத்தியதே இல்லை.

அவள் குழுவில் எழுதினாள்.

'வின்சனை எடுத்திட்டன். என்ர ஆள் வினோதன்.'

குழு விழுந்து விழுந்து சிரித்தது. ஜனார்த்தனன் உடனே பதில் போட்டான்.

'வினோதனோ? தோக்கிறதெண்டே முடிவெடுத்திட்டீங்கள் போல!'

பின்னேரம். மைதானம் நிறைந்து வழிந்தது.

ஜனார்த்தனன் பந்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான். நொண்டி நொண்டி ஒருவரும் வரவில்லை!

சங்கிலி வின்சனைத் தேடினான். இடப்பக்கம் தேடினான்... வலப்பக்கம் தேடினான்... அவன் தேடிக்கொண்டு நின்ற வெளியால் வினோதன் ஒரு பந்தை நீட்டினான்.

கோல்!

புனிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துள்ளினாள்.

இடைவேளைக்குப் பிறகு நிருஷன் கொடுத்த பந்தில் கனகராயன்குளம் ஒரு கோல் போட்டது. இருவருக்கும் சமப் புள்ளி! ஜனார்த்தனனின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியது. டிலுசா தனக்குள் கேட்டுக்கொண்டாள். நான் பிழை விட்டிட்டனோ? பேசாமல் ஊரைக் கூட்டியிருக்கலாமோ?

ஆட்டம் முடியும் தறுவாய். கனகராயன்குளத்துப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்தினார்.

"சங்கிலி! வினோதனைப் பிடியடா!"

சங்கிலி திரும்பினான். தேக்கு மரம் திரும்ப நேரமெடுக்கும் அல்லவா? அதற்குள் பந்து வினோதனின் காலை விட்டு முன்னால் ஓடியவனிடம் போய்விட்டது.

கோோோல்!

விசில்!

அலையொலிக்குக் கிண்ணம். டிலுசாவுக்குக் கதிரை!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜனார்த்தனன் அவளிடம் வந்தான். வேர்த்துக் கொட்டியது.

"தங்கச்சி... வின்சனைக் கண்டனீங்களோ?"

"இல்லையே அண்ணை! அவனைக் கடத்திப்போட்டாங்கள் எண்டு போன் வந்தது. வாங்கோ, ரெண்டு பேருமாப் பொலிசுக்குப் போவம்."

"ஐயோ... பொலிஸ் வேண்டாம்!"

"ஏன் அண்ணை? கால் போயிடுமோ?"

அவன் மெல்ல நழுவப் பார்த்தான்.

"இவ்வளவு சனம் நிக்குது. மைக்கை எடுத்து ஆர் மனேஜர் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி நான் மைக்கை எடுத்து வேற கதை சொல்ல வேண்டி வரும்!"

ஜனார்த்தனன் மைக்கை எடுத்தான். சாவு அறிவித்தல் சொல்லுகிற குரலில் அவள் பெயரைச் சொன்னான். மைதானம் கைதட்டி அதிர்ந்தது.

வினோதன் கிண்ணத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மனேஜர் அக்கா! வின்சன் எங்க? ஆளைக் காணேல்ல எண்டு எல்லாரும் தேடுகினம்!"

டிலுசா ஜனார்த்தனனிடமிருந்து மைக்கை வாங்கி, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அதை அணைக்காமலேயே சொன்னாள்.

"அவனைப் பெஞ்சில இருத்தியிருக்கிறன் தம்பி. பெஞ்ச் கொஞ்சம் தள்ளி, செயலாளர்ர கடைக்குப் பின்னால கிடக்கு... திறப்பு அவரிட்டத்தான்!"