கணக்குப்பிள்ளையின் மணல் பெட்டி

குழிக்கு, அடிக்கு ஒரு ரூபாய். ஐந்து அடிக்கு ஐந்து ரூபாய் என்று குழிவெட்டும் கோட்டைச்சாமி கேட்டதை லூர்துநாதன் இரண்டு ரூபாய்க்கு முடித்தார். இரண்டு ரூபாய்க்கு இரண்டு அடி. பிள்ளையே ஒரு முழம் இல்லை, அதற்கு எதற்கு ஐந்து அடி என்பது அவருடைய வாதம். பேரம் பேசிப் பழகிய வாய் அது. எதற்குப் பேசுகிறோம் என்று பார்த்து நிற்பதில்லை. அறுபத்தேழு ஐப்பசியில் நடந்த இந்த வியாபாரம் மறு வருஷ ஐப்பசிக்குள் அவருக்கு மறந்தே போயிருந்தது. நினைவுபடுத்தியது ஒரு பூனை.

போடிக் கடைத்தெருவில் முன்பக்கம் ஏலக்காய்க் கிட்டங்கி, பின்பக்கம் வீடு. ஏலக்காய் சகவாச தோஷம் உள்ள சரக்கு. பக்கத்தில் மண்ணெண்ணெய் இருந்தால் மண்ணெண்ணெய் வாசம், கருவாடு இருந்தால் கருவாட்டு வாசம். அதனால் கிட்டங்கிக்குள் பீடி கூடாது, ஈரச் செருப்பு கூடாது. எலிக்காக வளர்க்கிற பூனைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தேயிலைப் பெட்டி ஒன்றை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, சலித்த மணலை நிரப்பி மூலையில் வைத்திருந்தார். மூட்டை மூட்டையாகச் சுற்றி வந்து மோந்து பார்ப்பதால் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். காலையில் பெட்டிக்குள் இறங்கும். பள்ளம் பறிக்கும், உட்காரும், மூடும், மோந்து பார்க்கும், மனதுக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு தரம் மூடும். லூர்துநாதனுக்குத் தெரிந்த வியாபாரிகளில் இவ்வளவு சுத்தமாகக் காரியத்தை முடிக்கிறவர் யாருமில்லை.

அந்தப் பூனைதான் ஒரு திங்கட்கிழமை, முதல் தரக் காய் மூட்டையின் மேல் வெளிக்கு இருந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. ஏலக்காயின் இனிப்புக்கு அடியில் கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி. மழை நாலு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்ததால் சன்னல்கள் சாத்திக் கிடந்தன. நெடிக்கு வெளியே போக வழியில்லை. மூலையில் மணல் பெட்டி, போன வாரம் புதிதாகக் கொட்டிய மணலோடு, ஒரு நகக்கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

"என்னங்க, கணக்குப்பிள்ள வேலைய விட்டு நின்னுருச்சா?" என்று சுளகில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வியாகுலமேரி கேட்டாள். சிரித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதம்.

முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாததால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. கிழக்குச் சுவருக்கு வெளியே, வாய்க்கால் கரை மணலில் வைத்தார்கள். அன்று காய்ச்சலில் கிடந்த மேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அஞ்சு அடி தோண்டுனாகளா? நரி கிரி வந்திராதுல்ல?" அவர் சொன்னார்: "அஞ்சு அடி. நானே நின்னு பாத்தேன்." மழை வலுக்கும்போதெல்லாம் அவள் அதைத் திரும்பக் கேட்பாள், அவரும் அதையே சொல்லுவார். இந்தத் தடவை வைத்தியம் பார்த்த டாக்டரம்மா மருந்தோடு சொல்லி அனுப்பியதும் ஒன்றுதான்: மனசு அதிர்ந்தால் இதுவும் தங்காது.

பூனையை அவர் வியாபாரி மாதிரியே சமாளித்துப் பார்த்தார். பெட்டியை இடம் மாற்றினார். மூட்டைகளைச் சுற்றி நாரத்தை இலை போட்டார். சாம்பிராணி போட்டார். பால் வைத்துப் பெட்டிக்குள் இறக்க, அது நாலு காலையும் விறைத்துக்கொண்டு அவர் கை வழியாகவே ஏறித் தோளைத் தாண்டிக் குதித்தது. முழங்கையில் மூன்று கோடு. மறுநாள் இரண்டாவது மூட்டை நாறியது. அதற்கு மறுநாள் மூன்றாவது.

இருப்பதற்குத்தான் அது பெட்டிப் பக்கம் போகவில்லை. மூடுவதற்குப் போயிற்று.

முதலில் கவனித்தது மூட்டை தூக்குகிற ஒச்சாண்டி. பூனை பெட்டிக்கு வெளியே தரையில் நின்று, முன்னங்காலை நீட்டி, சிந்திக் கிடந்த காய்களையும் சருகையும் பெட்டியை நோக்கி இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சர், சர், சர். மூன்று இழுப்பு. நின்று மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை. மறுபடி மூன்று.

"ஏ மொதலாளி, இங்கன பாருங்க. பூனை கழிஞ்சாத்தானே மூடும்? இது கழியாமலே மூடுது."

"ஒனக்கும் அதுக்கும் ஒரே வேல. செய்யாத வேலைக்குக் கூலி" என்றார் லூர்துநாதன். ஒச்சாண்டி சிரித்தான். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மணலில் ஒரு பள்ளம் இருந்தது. நகம் பறித்த பள்ளமில்லை. எதுவோ படுத்து அழுந்திய பள்ளம். ஒரு முழத்துக்குக் குறைவு. ஒரு முனை உருண்டை, மறுமுனை ஒடுங்கல்.

"ராத்திரி அதுக்குள்ள படுத்துருக்கும்" என்றாள் மேரி. ஆனால் பூனை நாலு நாளாக உத்தரத்தை விட்டுப் பகலில்தான் இறங்குகிறது என்பது லூர்துநாதனுக்குத் தெரியும். உள்ளங்கையால் மணலை நிரவினார். ஓரமெல்லாம் ஈரக் குளிர்ச்சி. பள்ளம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி, வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளம் மறுபடி இருந்தது. கொஞ்சம் ஆழமாக.

"மணலை எங்கன அள்ளுன?" என்று ஒச்சாண்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்கதான மொதலாளி சொன்னீக, வண்டி மணலுக்குக் காசு குடுக்க வேணாம், கெடக்குற எடத்துல ஒரு சாக்கு அள்ளியான்னு. கல்லறைத் தோட்டத்துக்குக் கெழக்க வாய்க்கா கரை இடிஞ்சு கெடந்துச்சு. மாவு மாதிரி மணல். சும்மா கெடந்துச்சு, அள்ளியாந்தேன்."

விலையில்லாமல் வந்த சரக்கை இரண்டாம் தரம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேரி கிட்டங்கியிலேயே பாய் விரித்துப் படுத்தாள். வீட்டுக்குள் ஒழுகுகிறது, இங்கேதான் கதகதப்பு என்றாள். அவர் பெட்டியைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போனார். காய் தரம் பிரிக்கிற சல்லடையை எடுத்தார். சின்னக் கண் சல்லடை, மட்டக் காயைக்கூட விடாது. ஒரு கை, இரண்டு கை என்று மணலை அள்ளிப் போட்டுச் சலித்தார். மணல் சத்தமில்லாமல் இறங்கியது. கூழாங்கல். நத்தை ஓடு. கடைசிக் கையில், சல்லடை நடுவில், சாயம் போன நீலக் கயிறு. முடிச்சில் நகத்தளவு மாதா சுரூபம். மேரி தன் கழுத்திலிருந்து கழற்றிப் பிள்ளைக்குக் கட்டிவிட்டது.

வேறு எதுவும் இல்லை. எலும்பு இல்லை. துணி இல்லை. இரண்டாம் முறை சலித்தார். இல்லை.

சுரூபத்தை மணலோடு சாக்கில் போட்டார். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். மழைக்குச் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூலிக்கு ஆள் வைக்காமல் தானே மூட்டையைச் சுமந்து வாய்க்கால் கரைக்குப் போனார். மலையைக் காணவில்லை, மேகம் வயலில் இறங்கிக் கிடந்தது. மணி மூன்றுதான். பொழுது அடைந்தது மாதிரி இருந்தது.

கோட்டைச்சாமி கிழக்குச் சுவரோரம் நின்று, இடிந்த கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மொதலாளி. அன்னைக்கே சொன்னேன். ரெண்டு அடி மழைக்கு நிக்காதுன்னு."

லூர்துநாதன் மடியை அவிழ்த்து ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினார். பேரம் பேசவில்லை. குறைக்கவில்லை.

கோட்டைச்சாமி தாளை வாங்கவில்லை. "எத மூடச் சொல்றீக?" என்றான். "எறங்கிப் பாருங்க. இங்கன ஒண்ணுமே இல்லையே."

கரையின் வெட்டுமுகத்தில், மேலிருந்து இரண்டு அடியில், ஒரு பொந்து. ஒரு முழத்துக்குக் குறைவு. உள்ளே வழவழப்பாக, காலியாக.

"தண்ணி இழுத்திட்டுப் போயிருக்கும்."

"தண்ணி கீழ இழுக்கும். தடத்தப் பாருங்க, மேல போகுது."

பொந்திலிருந்து கரைமேல் ஏறி, சுவரோரமாக, கடைத்தெருப் பாதையை நோக்கி ஒரு சின்னத் தடம். ஒச்சாண்டி சாக்கை இழுத்துப் போன தடமாக இருக்கலாம். சாக்கு அவ்வளவு ஒடுக்கமாக இழுபடுமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மணலைப் பொந்துக்குள் கொட்டினார். சுரூபம் விழுந்த சத்தம் கேட்டது. தாள் கையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நீட்டிய காசை ஒருவன் வாங்காமல் போனது அதுவே முதல் தடவை.

திரும்பி வந்தபோது கடைத்தெருவில் கரண்ட் இல்லை. கிட்டங்கிக் கதவு சாத்தியபடி இருந்தது. நாதாங்கியில் கை வைத்துத் தள்ளி உள்ளே போனார். உள்ளே ஏலக்காய் வாசம் திரண்டு நின்றது. அதற்கு அடியில் பூனை நெடி இல்லை. ஈர மணல் வாசம். பறித்த மண்ணின் பச்சை வாசம்.

தாழ்வாரத்தில் பெட்டி கவிழ்த்தபடிதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். காலி. கழுவியது. மணல் அத்தனையும் பொந்தில். ஒரு கைகூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு எங்கிருந்து இந்த வாசம்.

சத்தம் கேட்டது.

சர். சர். சர்.

நின்றது.

சர். சர். சர்.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து.

"மேரி."

கூரைமேல் மழை. அவர் மூட்டைகளைத் தடவிக்கொண்டு நடந்தார். காலடியில் நறநறவென்றது. ஏலக்காய் இல்லை. மாவு மாதிரி மணல், மெல்லிய கோடாக, கொல்லைப் பக்க வாசலிலிருந்து பாய் வரைக்கும். ஒடுக்கமான கோடு.

மேரி மல்லாந்து படுத்திருந்தாள். கூரைக் கண்ணாடி ஓடு வழியாக இறங்கிய சாம்பல் வெளிச்சம் அவள்மேல் விழுந்திருந்தது. பக்கத்தில் கணக்குப்பிள்ளை. முதுகு மயிர் குத்திட்டு, காது பின்னால் படிந்து, முன்னங்கால் நீண்டு.

சர். சர். சர்.

அது சேலைத் தலைப்பை இழுத்து அவள் வயிற்றின்மேல் போட்டது. சுளகிலிருந்து கவிழ்ந்த காய்களை இழுத்துத் தள்ளியது. பச்சைக் காய்கள் ஏற்கெனவே அவள் வயிற்றைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. பாதி மூடியிருந்தது.

அவர் விரட்டக் கையைத் தூக்கினார். பூனை நகரவில்லை.

மேரி கண் திறக்கவில்லை. தூக்கத்தில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"ஏங்க. அஞ்சு அடிதான தோண்டுனாக?"

எத்தனையோ தரம் சொன்ன பதில். நாக்கு நுனியில் இருந்தது. வரவில்லை.

"குளிருதுங்க" என்றாள். "உள்ள. சோறு தின்னுட்டுப் படுத்ததுல இருந்து அசையவே இல்ல. நீங்க கை வச்சுப் பாருங்க."

அவர் மண்டியிட்டார். காய்களை விலக்கினார். தலைப்பை விலக்கினார். எட்டு மாத வயிற்றின் மேட்டில், தொப்புளை ஒட்டி, ஒரு பள்ளம். எதுவோ படுத்து அழுந்தியதுபோல். ஒரு முழத்துக்குக் குறைவு. ஒரு முனை உருண்டை, மறுமுனை ஒடுங்கல். அதன் அடியில் மணல் ஒட்டிய அந்த நீலக் கயிறு.

கை வைத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பூனை அவரைத் தாண்டி வந்து வயிற்றை மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை. ஒரு காலை நீட்டிக் காய்களை இழுத்தது.

சொன்னது ஐந்து அடி. தோண்டியது இரண்டு.

சர்.

சர்.

சர்.

பாக்கி மூன்று.