காற்றுப் பங்காளி

மாலை வகுப்பில் காற்றுக்காரர்களுக்குக் கடைசி பெஞ்சு. ஒவ்வொரு பெஞ்சின் விளக்கும் அதில் இருப்பவர்களின் மின்பங்கில்தான் எரியும். பாடத்தின் நடுவே காற்று விழுந்தால் எங்கள் விளக்கு மட்டும் அணையும்.

"ஏட்டி பேச்சி, நம்ம ஆலை தூங்கப் போயிட்டு," என்பான் பக்கத்திலிருக்கும் நயினார். இருட்டில் அவனோடு சும்மா இருப்பது எனக்குப் பிடிக்கும்.

முன் பெஞ்சு உலகம்மை அலைக்காரி. அவள் விளக்கு அணைந்ததே இல்லை. "என்ன மாமா, இருட்டுல கொசு புடிக்கியளா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

அவள் அவனை மாமா என்று கூப்பிடலாம். நான் கூடாது. மின் நிறுவனம் தன் காற்றாலைகளையும் வெயில் வயல்களையும் அலைப்பொறிகளையும் மக்களுக்குப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து, பிறக்கும்போதே ஆளுக்கொரு பங்கு. வெவ்வேறு பங்குக்காரர்கள் மணந்தால் ஒன்று ஓயும்போது மற்றது எரியும். ஒரே பங்குக்காரர்கள் மணந்தால் வீடே இருண்டுவிடும் என்று நிறுவனம் இணைப்புத் தராது. ஊர் அதற்குப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டது. ஒரே பங்கென்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை.

உலகம்மையை என்னோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கணக்கு என்னிடம்தான் கேட்டு எழுதுவாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவளிடம் அலையைத் தவிர என்ன இருக்கிறது? ஒருவேளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ.

வாழ்நாளில் ஒருமுறை பங்கை மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் சொல்லாமல் வெயிலுக்கு விண்ணப்பித்தேன். இன்று ஆணை வந்தது. வகுப்புக்கு முன்பே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நயினாரைப் பிடித்தேன்.

"நான் வெயிலுக்கு மாறிட்டேன். இனிமே நாம பங்காளி இல்ல."

"நெசமாவா? எதுக்குட்டி?"

அவனுக்கே புரியும் என்று நினைத்தேன்.

அவன் என் தலையில் குட்டினான். "பங்கு மாறினா முறை மாறிருமா, கிறுக்கி? நீ எப்பவும் என் தங்கச்சிதான். ஆனா கடைசி பெஞ்சுல இனிமே நான் தனியால்லா கெடக்கணும்!"

என்னை வெயில் பெஞ்சுக்கு மாற்றினார்கள். பகல் வெயிலைச் சேர்த்து வைத்த மின்கலத்தில் விளக்கு நன்றாகவே எரிந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று விழுந்தது. நயினார் நோட்டை எடுத்துக்கொண்டு உலகம்மையின் பெஞ்சுக்குப் போனான். "வாங்க மாமா," என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் மறுக்கவில்லை. பாடம் முடியும்வரை இருவரும் ஒரே வெளிச்சத்தில் எழுதினார்கள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சுடலையே. யாருக்கு என்ன கெடைச்சிட்டு? பங்காளிக் காய்ச்சலாட்டி?"

"காய்ச்சல்தாம்மா," என்றேன். முன்பாதியை விட்டுவிட்டேன்.