மூன்றாவது ஷட்டர்

அணையை உடைக்கிற அன்று ஷட்டர்காரர் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் அந்த அணையின் ஷட்டர்களைத் தூக்கி இறக்கியவர். எந்த இரும்பு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஆற்றை மீட்கும் ஊர்க் குழுவினர் கூப்பிட்டிருந்தார்கள்.

மனைவியும் கூட வந்தாள். அணையை எடுக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். ஆறு திரும்பினால் மீன் வரும், நிலத்தடி நீர் ஏறும் என்று மற்றவர்கள் பேசினார்கள். தண்ணீர் வடிந்தால் மகள் கிடைப்பாள் என்பது மட்டுமே அவள் கணக்கு.

மகள் அணை ஏரியில் குளிக்கப் போய்க் காணாமல் போனபோது வயது பத்து. பதினோரு வருடம் ஆகிவிட்டது.

மூன்று வாரமாக வடிந்த ஏரி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செத்த சிப்பி நாற்றமும் துரு வாடையும் தொண்டையில் ஒட்டின. காக்கை கூட இறங்கவில்லை.

குழுத் தலைவியான நர்ஸ் மேலிருந்து கேட்டாள். "அண்ணே, ரெண்டு ஷட்டர் தூக்கியிருக்கு. மூணாவது மட்டும் ஏன் எறங்கியே கெடக்கு?"

"துரு புடிச்சிருச்சும்மா. அசையாது. அதைக் கடைசியா பார்த்துக்கலாம்."

அணையை இடிக்க வந்த இயந்திரக்காரர் கேட்கவில்லை. கடைசியில் இருந்து ஆரம்பிப்பதுதான் அவருக்கு வசதி. வண்டியை மூன்றாவது ஷட்டர் பக்கம் கொண்டுபோனவர், சட்டென்று என்ஜினை நிறுத்தினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

டொக்.

இரும்பில் சின்னக் கை தட்டுகிற மாதிரி.

டொக். டொக்.

"தண்ணியே இல்லையே," என்றாள் நர்ஸ்.

மனைவி யாரையும் பார்க்கவில்லை. அணை அடியில் இன்னும் காயாத சேற்றில் முழங்கால் வரை புதைய இறங்கிப் போய், ஷட்டரில் காதை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

ஷட்டர்காரரும் பின்னாலேயே இறங்கினார். சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன்," என்றார்.

அவர் சொன்னது இதுதான்: மகள் காணாமல் போன அன்று நல்ல மழை. தண்ணீரைத் திறக்கச் சொல்லி போன் வந்தது. திறக்கும் முன், குளிக்கிறவர்கள் கரையேற அபாயச் சங்கு ஊத வேண்டும்; சங்கு கெட்டிருந்தது. ஒரு நாள் ஊதாவிட்டால் என்ன என்று மூன்றாவது ஷட்டரைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் கீழே இரும்பில் ஏதோ தட்டியது. வெள்ளத்தில் வந்த மரக்கட்டை சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஷட்டரை இறக்கினார். தட்டல் நின்றது. சாயங்காலம் மகளைக் காணோம் என்று வீட்டில் அழுகை கேட்ட பிறகுதான் தட்டியது யார் என்று புரிந்தது. விசாரணையில் மூன்றாவது ஷட்டரைத் தொடவே இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் அங்கே யாரும் தேடவில்லை. அந்த வெள்ளத்திலேயே வண்டலும் மூடிவிட்டது.



மனைவி காதை எடுக்காமலே கேட்டாள். "எத்தனை தடவை தட்டினா?"

"ஏழு."

அவள் காதை எடுத்து விலகி, இயந்திரக்காரருக்குக் கை காட்டினாள்.

இரும்பை வெட்டி எடுத்தார்கள். ஷட்டருக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கும் அளவு கிணறு மாதிரி ஒரு பொந்து. மனைவி வேறு யாரையும் தொடவிடவில்லை. வெறும் கையால் வண்டலை வழித்து வழித்து, மதியத்துக்குள் மகளைத் தன் புடவைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டாள். அவ்வளவு லேசாக இருந்தது.

மேட்டில் புதைத்தார்கள். மறுநாள் ஷட்டர்காரரே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். ஜாமீனில் வந்தார்; வழக்கு நடக்கிறது.

அணை போன பிறகு ஆறு தன் பழைய தடத்தைத் தானே தேடிக்கொண்டது. கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர், கூழாங்கல்லை எண்ணலாம். குழுவினர் கரையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, குப்பை பொறுக்குவது, மேலே ஏறிவரும் மீனைப் பார்த்துச் சொல்வது. மூன்றாவது ஷட்டர் இருந்த இடத்தை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஷட்டர்காரர் எடுத்துக்கொண்டார். மனைவியும் வந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கரை; ஆனால் அவள் அவரிடம் பேசி எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஒரு நாள் பகல் மூன்று மணி இருக்கும். வேலை முடிந்து முகம் கழுவக் குனிந்தார்.

முதுகில் ஏதோ ஏறியது.

பத்து வயதுப் பிள்ளையின் எடை. சில்லென்று ஈரம். கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள் இறுகின.

தண்ணீரில் அவர் நிழல் மட்டும்தான் தெரிந்தது.

அலறவில்லை. உதறவும் இல்லை. கைகளைப் பின்னால் கோத்து, குனிந்தபடியே மகளைப் புதைத்த மேட்டில் ஏறினார். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. ஒவ்வொரு அடியும் மண்ணில் ஆழமாகப் பதிந்தது.

பின்னால் வந்த மனைவியின் காலடிச் சத்தம் நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவள் குரல் கேட்டது.

"மெதுவா நடங்க. அவ தூங்கறா."