நெல்லிடையில் நின்ற வாள்

வெள்ளாறு கடலோடு கலப்பதற்கு முன், பிறந்த வீட்டை விட்டுப் போக மனமில்லாதவளைப் போலச் சற்றே அகன்று, தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. இரு கரையிலும் தாழம்புதர்கள் மண்டி மணம் வீச, ஆற்றின் நடுவே வெண்மணல் திட்டு ஒன்று எழுந்து கிடக்க, மேற்கே கதிரவன் செக்கச் சிவந்து இறங்கிக்கொண்டிருந்த அதே வேளையில், கிழக்கே முழுமதி அவசரப்பட்டு எழுந்துவிட்டது. அந்த இரட்டை ஒளியில் ஆற்று நீர் பாதி பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் ஓடிற்று.

அங்கே நிற்பதுதான் நெடுங்கரைக் கோட்டை. கோட்டை என்றதும் வானளாவிய மதில்களையும் யானைப் படைகளையும் கற்பனை செய்துவிட்ட அருமை வாசகர்கள் கொஞ்சம் கீழே இறங்கி வரவேண்டும். நெடுங்கரையின் மதில் இரண்டு ஆள் உயரம். யானை ஒன்றே ஒன்று, அதற்கும் வயதாகிவிட்டது. ஆனால் கடலிலிருந்து உள்நாடு செல்லும் ஓடம் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டையின் துறையைத் தொட்டுத்தான் செல்ல வேண்டும். ஆகவே எதிர்க்கரையை ஆண்ட வேளானுக்கு அந்தத் துறையின் மீது வெகு நாளாகக் கண் இருந்தது.

இரு கரையாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். படை திரட்டினால் மாமனை மருமகன் வெட்ட வேண்டிவரும். அதனால் துறைவழக்கு மூண்டால் கரைக்கு ஒரு வீரனை மணல் திட்டில் இறக்குவது அந்த நாட்டின் பழைய வழக்கம். வாளும் கேடயமும்தான் ஆயுதம். உயிரோடு திரும்புகிறவனுடைய கரைக்குத் துறையும் சொந்தம், கோட்டையும் சொந்தம். எதிர்க்கரையார் செங்கட் சீயன் என்னும் கொடிய வாள்வீரனை அமர்த்திவிட்டார்கள். மறுநாள் காலையில் போர். நெடுங்கரையை ஆண்ட இளம் நாச்சியாரான மாறம்பாவையோ இன்னும் தன் வீரனைத் தேர்ந்தெடுத்தபாடில்லை.

ஊரார் அதைப் பார்த்து வியந்தார்கள். தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? விடங்கன் இருக்கிறானே! திருவிழாதோறும் வாகை மாலை சூடியவன். காலில் நெடுங்கரையின் வீரக்கழல் அணிந்தவன். வாளைச் சுழற்றினால் மின்னல் வீட்டுக்குப் போய்விடும் என்று ஓடக்காரர்கள் பாடிய வீரன். அவனுக்கும் நாச்சியாருக்கும் இடையே இருந்த அன்பை அவர்கள் இருவரைத் தவிர ஊரில் எல்லோரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விடங்கன்தான் இப்போது ஆற்றங்கரை மண்டபத்தில் தனியே வாள் பழகி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தூணின் மறைவிலிருந்து கரிய துணியால் முகத்தை மூடிய உருவம் ஒன்று ஓசையின்றிப் பாய்ந்தது. அதன் கையில் குறுவாள் பளிச்சிட்டது. "சீயனின் ஒற்றன்!" என்று எண்ணிய விடங்கன், உடம்பின் பலம் முழுவதையும் திரட்டி அந்தக் கழுத்தை நோக்கி வாளை வீசினான். வாள் காற்றைக் கிழித்துக்கொண்டு சென்றது. சென்று, தோலுக்கு ஒரு நெல்லிடை முன்னே அசையாமல் நின்றது.

ஒரு கணம் இருவரும் சிலையானார்கள். யார் அதிகம் திகைத்தார்கள் என்று சொல்வது கடினம். மறு கணம் அந்த உருவம் மண்டபச் சுவரைத் தாண்டித் தாழம்புதரில் மறைந்தது. விடங்கன் துரத்தவில்லை. யாரோ அந்நியனுடைய கையைப் பார்ப்பது போலத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரவு நன்றாகக் கவிந்த பின் அவை கூடிற்று. முதன்முதலில் வந்து சேர்ந்தவர் கூத்தர். இவர் உப்பளக் கரையில் வாள்பள்ளி நடத்துபவர். குட்டை உருவம், பெருத்த வயிறு, அதைவிடப் பெருத்த குரல்.

"கேட்டீர்களா அமைச்சரே! சற்று முன் முக்காடு போட்ட பயல் ஒருவன் என் முற்றத்தில் வந்து என் மேல் பாய்ந்தான். என் கையில் மரவாள்தான் இருந்தது. போட்டேன் ஒரு போடு! கேடயத்தோடு சேர்த்து இடது கை எலும்பு முறிந்த சத்தத்தை இந்தக் காதால் கேட்டேன். இருட்டில் ஓடிவிட்டான். இந்நேரம் எங்காவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான்" என்று மீசையைத் தடவினார்.

அமைச்சர் பூதியார் பதில் சொல்வதற்குள் கட்டியம் ஒலித்தது. மாறம்பாவை வந்து ஆசனத்தில் அமர்ந்தாள். இடது தோளிலிருந்து மடி வரை பட்டுப் போர்வை வழிந்தது. முகம் வெளுத்திருந்தது, நாளைய கவலை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கூத்தரே, விடங்கரே! உங்கள் பள்ளிகளின் வழி வேறு வேறு. எந்த வழியில் பழகியவன் நாளை உயிரோடு திரும்புவான் என்று என் முன்னால் சொல்லுங்கள்" என்றாள்.

கூத்தர் முந்திக்கொண்டார். "எங்கள் பள்ளியில் கருங்காலி மரவாள், தாயே. அடித்தால் முழு மூச்சோடு அடிக்க வேண்டும். சேர்ந்த மாதத்தில் பையன்கள் உடம்பில் நீலம் பூக்காத இடம் இராது. அழுவார்கள், சிலர் சொல்லாமல் ஓடிப்போவார்கள். மிஞ்சியவனுக்கு அடி வாங்கப் பயம் போய்விடும், அடி கொடுக்கக் கூச்சம் போய்விடும். தம்பி விடங்கரின் பள்ளியில் ஆட்டம் அழகுதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் அங்கே ஒருவன் தோளிலாவது தழும்பு உண்டா, கேளுங்கள்!"

"இல்லைதான்" என்றான் விடங்கன். "எங்களுக்கு முதல் நாளே சாணை பிடித்த வாளைக் கொடுப்பார்கள். எதிரில் நிற்பவன் ஒரே பாயில் உறங்கும் தோழன். ஆகவே முழு வேகத்தில் வீசவும் வேண்டும், தோலுக்கு நெல்லிடை முன்னே நிறுத்தவும் வேண்டும். அதனால் இரும்பு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கூத்தரின் மாணாக்கன் தோளில் ஓர் அடி வாங்கிக்கொண்டு இரண்டடி திருப்பிக் கொடுப்பான். மரத்துக்கு அது நல்ல வாணிபம். இரும்பானால் முதல் அடியிலேயே தோள் மணலில் கிடக்கும். கூத்தரே, கோபிக்க வேண்டாம். மேலிருந்து வெட்டும்போது உங்கள் இடது முழங்கை விலாவை விட்டு விலகுகிறது. மரவாளால் அங்கே யாரும் அடிப்பதில்லை. இரும்பு அங்கேதான் நுழையும்."

கூத்தர் தம் முழங்கையைக் குனிந்து பார்த்தார். "விலகுகிறதா?" என்று முதல் தடவையாக மெல்லிய குரலில் கேட்டார். இதற்கிடையே மல்லர் தலைவர் எழுந்து, இருவரையும் பிடித்து மண்ணில் உருட்டிவிட்டால் வாளுக்கு என்ன வேலை என்றார். அந்தக் கேள்விக்கு அவையில் யாரிடமும் பதில் இல்லாததால் அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"கூத்தரிடம் வந்த ஒற்றன் உம்மிடம் வரவில்லையா, விடங்கரே?" என்றார் அமைச்சர்.

விடங்கன் தலை குனிந்தான். "வந்தான். தப்பிவிட்டான்."

"உம்மிடமிருந்தா!" என்று அவை முழுதும் முணுமுணுத்தது.

மாறம்பாவை மெல்லப் போர்வையை விலக்கினாள். மூங்கில் பட்டை வைத்து, எண்ணெய்த் துணி சுற்றிக் கட்டிய இடது கையை அவையோர் கண்டார்கள்.

கூத்தர் அலறிக்கொண்டு தரையில் விழுந்தார். "தாயே! பாவி நான்! இந்தக் கையை வெட்டிவிடுங்கள்!"

"எழுந்திரும் கூத்தரே. உம்மிடம் குறையில்லை. பேச்சில் எல்லாப் பள்ளியும் வெல்லும். உயிருக்கு ஆபத்து வரும்போது கை என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினேன், பார்த்தேன்" என்றவள், விடங்கனிடம் திரும்பினாள். அவள் குரல் தழைந்தது. "விடங்கரே, உம்முடைய வாள் என் கழுத்தருகே நின்றது. என்னை அடையாளம் கண்டுகொண்டீர் அல்லவா?"

"இதிலென்ன ஐயம்!" என்று அமைச்சர் மகிழ்ந்து குதித்தார். "கண்டுகொண்டதால்தான் நிறுத்தினார். வேறொருவனாக இருந்தால் தலை உருண்டிருக்கும். நாளைய வீரர் விடங்கரே!"

வாசகர்களே, தாம்பாளத்தில் வைத்து நீட்டப்பட்ட பொய்யைக் கண்டதுண்டா? அது அப்படித்தான் விடங்கன் முன் நீட்டப்பட்டது. "ஆம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீரமும் அவனுடையது, காதலும் அவனுடையது. மாறம்பாவையின் கண்கள் அந்தச் சொல்லுக்காகக் கெஞ்சின. அதை அவன் நன்றாகக் கண்டான்.

"இல்லை, நாச்சியார்" என்றான். "நான் உங்களை அறியவில்லை. பகைவன் என்றே நினைத்தேன். கழுத்தைத் துண்டிக்கவே வீசினேன். நின்றது என் மனம் அல்ல, என் கை. சிறு வயது முதல் நிறுத்தி நிறுத்திப் பழகிய கை, நிறுத்தாதே என்று நான் இட்ட கட்டளையைக் கேட்கவில்லை. நாளை சீயனுடைய கழுத்தின் முன்னும் அது நின்றுவிடும். அவனுடைய வாள் நிற்காது. நான் சாவது பெரிதல்ல, துறை போய்விடும். என்னை அனுப்பாதீர்கள்."

விடங்கன் குனிந்து காலிலிருந்த வீரக்கழலைக் கழற்றிக் கூத்தர் முன் வைத்தான். "உண்டு முடித்ததும் அந்த முழங்கையை மட்டும் சிறிது நேரம் என்னிடம் விடுங்கள், ஐயா" என்றான்.

மாறம்பாவை அவனைப் பார்க்கவில்லை. "கூத்தர் போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே சென்றாள்.

மறுநாள் இளவெயிலில் இரு கரையும் மக்களால் நிறைந்திருக்க, மணல் திட்டில் வாளோடு வாள் மோதிற்று. சீயன் வேங்கை போல் வந்தான். கூத்தரின் காதை ஒரு வீச்சில் கிழித்தான். கூத்தர் வாளை உயர்த்தினார். அந்த நேரத்துக்காகவே காத்திருந்த சீயன் அவருடைய இடது விலாவை நோக்கிப் பாய்ந்தான். அங்கே விலகியிருக்க வேண்டிய முழங்கை விலகவில்லை. கேடயத்தில் பட்டு வாள் வழுக்கியது. கூத்தரின் வெட்டு முழு மூச்சோடு இறங்கியது.

நெடுங்கரை ஆர்ப்பரித்தது. கூத்தர் மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை. விழுந்தவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கள் பள்ளியில் விழுந்தவன் எழுந்துவிடுவான்" என்று தம்மைத் தூக்க வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊர் வெற்றி முரசு கொட்டிக்கொண்டிருந்தபோது, தென்துறையில் ஓர் ஓடத்தில் விடங்கன் தன் மூட்டையை வைத்துவிட்டு ஏறப்போனான். பின்னால் சிலம்பொலி கேட்டது. தோழியர் எவருமின்றி மாறம்பாவை தனியே வந்து நின்றாள்.

"எங்கே பயணம்?"

"தெற்கே, நாச்சியார். கொல்லத் தெரியாத வாள்வீரனுக்கு இங்கே என்ன வேலை?"

"நேற்று உம்மை வெறுத்தேன்" என்றாள். "கழுத்தைத் துண்டிக்கவே வீசினேன் என்று விரும்பிய பெண்ணிடம் சொன்ன ஆண்மகன் இந்த ஈரேழு உலகில் நீர் ஒருவராகத்தான் இருப்பீர். வெறுத்துக்கொண்டே யோசித்தேன். என் பாட்டனாரைக் கொன்றது யார் தெரியுமா? அவருடைய தம்பி. என் தந்தையைக் கொன்றவன் அவருக்குத் தாம்பூலம் மடித்துக் கொடுத்த மெய்க்காவலன். எங்கள் குலத்தில் போர்க்களத்தில் மாண்டவர் எவரும் இல்லை. அருகிலிருந்த கை, கோபம் வந்த ஒரு நொடியில் நிற்கவில்லை, அவ்வளவுதான்."

"நாச்சியார், என் கை நின்றது கருணையால் அல்ல. வெறும் பழக்கம்."

"கருணை இன்று இருக்கும், நாளை மாறும். பழக்கத்தை நம்பலாம். துறையைக் காக்கக் கூத்தர் இருக்கிறார். ஆனால் உறக்கத்திலும் கோபத்திலும் என் பக்கத்தில் இருக்கப்போகிறவன் யார் என்பது வேறு கேள்வி." அவள் குனிந்து, நலமாயிருந்த வலக்கையால் ஆற்று நீரை அள்ளினாள். "இந்த வெள்ளாற்றின் மேல் ஆணை. என் கழுத்தில் மாலையிடும் கை ஒன்று உண்டானால், அந்தக் கழுத்தை வெட்ட வந்தும் வெட்டாமல் நின்ற கைதான் அது. நீர் போய்விட்டால், நெடுங்கரை நாச்சியார் கன்னியாகவே கிழவியாவாள்."

விடங்கன் கண்ணில் நீர் வந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"ஐயா, நீரோட்டம் மாறுகிறது. ஏறுகிறீர்களா, இல்லையா?" என்று ஓடக்காரன் துடுப்பால் தட்டினான்.

விடங்கன் ஓடத்துக்குள் கை நீட்டித் தன் மூட்டையை எடுத்துக் கரையில் வைத்தான்.