பட்டனும் பச்சைக் கம்பளமும்

மார்னிக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அவள் இடது கையில் தோல் உறை. உறைமேல் பட்டன். பட்டன் என்றால் சட்டைப் பட்டன் இல்லை, மைனா அளவே இருக்கும் ஒரு குட்டி வல்லூறு. ஆனால் கை வலிக்க அளவா முக்கியம்? பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவனைச் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தால் யானைக்கே கால் வலிக்கும்.

பழக்குவது என்றால் அப்படித்தான். காட்டுப் பறவை மனிதர் கையில் நின்று, நாய் குரைப்பதையும் கதவு அறைவதையும் பார்த்துப் பார்த்து, 'சரி, இவர்களால் ஆபத்தில்லை' என்று தானாக நம்ப வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

"அக்கா, அவனும் தூங்கி வழியறான், நீயும் தூங்கி வழியற. நல்ல ஜோடி!" என்றான் தம்பி ஆர்லோ, வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு.

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

"மூடிட்டு எப்படித் தின்றது?"

மார்னி கொட்டாவி விட்டாள். பட்டனைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புவரை எவ்வளவு சுட்டி! காலில் நீளக் கயிறு கட்டி வேலிமேல் வைத்துவிட்டு அவள் விசில் அடித்தால், விர்ரென்று பறந்து வந்து கையில் உட்கார்ந்து இறைச்சியைக் கொத்துவான். இப்போதோ, விசில் அடித்தால் 'யாரைக் கூப்பிடுகிறாய்?' என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறான்.

"எடை கூடியிருக்கும். பசியில்லாத பறவை எதுக்கு வரும்? தீனியைக் கொஞ்சம் குறை" என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவும் பருந்து வளர்த்தவள்தான். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் காலை ஒரு பள்ளிப் பேருந்து, மாலை ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வருபவளுக்கு, "எடை எவ்வளவுடி?" என்று கேட்கத்தான் நேரம் இருந்தது.

அம்மா ஒரு கெடுவும் வைத்திருந்தாள். அவர்கள் இருந்த ஐடஹோவில் திங்கள்கிழமை பெரும்பனி வரப்போகிறதாம். "ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் கைக்கு வரலேன்னா, கயிறை அவுத்து விட்டுடணும். பனிக்கு முன்னாடி தெற்கே போய்ப் பொழைச்சுக்குவான். அவனைக் கட்டி வெச்சு ரெண்டு பேரும் கஷ்டப்பட வேணாம்."

இன்று வெள்ளி. இன்னும் இரண்டே நாள்.

சமையலறை மேசையில் பழைய தராசு இருந்தது. அதில் ஒரு பக்கம் தட்டுக்குப் பதிலாக ஒரு குச்சி. பட்டன் அதில் ஏறி நின்றான். மறுபக்கம் எடைக்கற்களை வைத்தாள். நூறு கிராம்தான் அவன் பறக்க வேண்டிய எடை. தராசு அதைவிட ஒரு கிராம் கூடவே காட்டியது.

"இன்னிக்கும் நூறுக்கு வரலையா? காத்தைக் குடிச்சே குண்டாயிடுவான் போல!" என்றான் ஆர்லோ.

மார்னிக்கு அழுகையே வந்துவிட்டது. "தீனியை எவ்வளவு குறைச்சாலும் நூறுக்கு மேலேயே காட்டுதே! நான் என்னதான்டா பண்றது?"

பட்டன் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பந்துபோல் நின்றான். வெளிச்சம் இருக்கும்போதே கண் பாதி மூடியிருந்தது. குண்டுப் பறவை இப்படியா நிற்கும்?

மெதுவாக அவன் மார்பு இறகுக்குள் ஒரு விரலை நுழைத்தாள். கொழுத்த பறவையாக இருந்தால் அங்கே சதை மெத்தென்று இருக்க வேண்டும். விரலில் தட்டுப்பட்டதோ எலும்பு. மர ஸ்கேலின் விளிம்பு மாதிரி கூர்மையாக இருந்தது.

"ஆர்லோ, இவன் குண்டு இல்லடா! எலும்பும் தோலுமா இருக்கான்!"

"அப்போ தராசு பொய் சொல்லுதா?"

இருவரும் தராசைப் பார்த்தார்கள். குச்சியைச் சுற்றி ஒரு பச்சைக் கம்பளத் துண்டு. பழைய கால்மிதியில் வெட்டியது. 'இரும்புக் குச்சி ஜில்லுன்னு இருக்கு, பாவம், அவன் கால் குளிரும்' என்று ஆர்லோதான் சுற்றினான். முடிச்சுப் போட்டுக் கொடுத்தது மார்னி. அது நடந்து இரண்டு வாரம் இருக்கும்.

அவள் பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி எடை போட்டாள். தொண்ணூறு கிராம்தான் வந்தது. இத்தனை நாளும் கம்பளத்தையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள்! கம்பளத்தின் எடைக்காகப் பட்டன் பட்டினி கிடந்திருக்கிறான். தெம்பில்லாமல்தான் விசிலுக்கும் வரவில்லை.

ஆர்லோ கம்பளத் துண்டைக் கையில் எடுத்தான். "என்னாலதானா?"

"முடிச்சு போட்டது யாரு? நான்தானே. போ, எலி இறைச்சி எடுத்துட்டு வா. எலும்பு, முடி எதுவும் வேணாம். வெந்நீர்ல நனைச்சுக் கொண்டா. பட்டினி கிடந்த வயிறு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கணும்."

"ஆனா அக்கா, வயிறு நிறைஞ்சா ஞாயித்துக்கிழமை வர மாட்டானே?" என்றான் ஆர்லோ, இறைச்சிக் கிண்ணத்தை நீட்டியபடி.

அது அவளுக்குத் தெரியாதா? இறைச்சித் துணுக்கைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அதைப் பட்டனின் அலகருகே கொண்டுபோனாள்.

"வராட்டி போகட்டும். உசிரோட போகட்டும்."

அம்மா வந்தபோது அடுப்பருகே மார்னி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் மடங்காமல் நின்றது. அதன்மேல் பட்டன். ஆர்லோ மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னான்.

அம்மா தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். "தினமும் எடையைக் கேட்டேனே தவிர ஒரு நாளாவது நான் தொட்டுப் பாத்தேனா? நீங்க கத்துக்கறவங்க. எனக்கு என்ன கேடு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போர்த்தினாள்.

சனிக்கிழமை முழுக்கச் சிறு சிறு தீனி. ஞாயிறு மதியம் வானம் சாம்பல் நிறத்தில் தொங்கியது. பட்டன் கிட்டத்தட்ட நூறு கிராமுக்கு வந்துவிட்டான்.

"கெடு வெச்சது நான்தான். ஆனா பனி என் பேச்சைக் கேக்காதே" என்றாள் அம்மா. "விடறதுன்னா இன்னிக்குத்தான் விடணும். கூப்பிட்டுப் பாரு."

பட்டனை வேலிமேல் வைத்துவிட்டு, கயிறு நீளும் மட்டும் தள்ளிப்போய் மார்னி விசில் அடித்தாள். அவன் வாலை ஒரு தரம் ஆட்டினான். அவ்வளவுதான். இன்னொரு விசிலுக்கு இறகைக் கோதிக்கொண்டான்.

"திமிரைப் பாரு!" என்று ஆர்லோ பல்லைக் கடித்தான்.

மார்னிக்குக் கை வலித்தது, கண் எரிந்தது. 'போகணும்னா போயிட்டு வாடா, பத்திரமா இரு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உதடு காய்ந்து கடைசி விசில் சரியாக வரக்கூட இல்லை. புஸ்ஸென்று வெறும் காற்றுதான் வந்தது.

பட்டன் தலையைத் தூக்கினான். இரண்டு தரம் தலையை மேலும் கீழும் ஆட்டி அளவு பார்த்தான். பிறகு புல்லை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வந்து, சடாரென்று மேலே எழும்பி, அவள் கையில் இறங்கினான்!

"வந்துட்டான்! காத்தடிச்சதுக்கே வந்துட்டான்!" என்று ஆர்லோ கத்தப்போனான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். மார்னி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் ஆர்லோ தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா... கம்பளத்தை மறுபடி மாட்டட்டுமா? அவனுக்கு அது பிடிச்சிருந்துச்சு."

"மாட்டு. ஆனா முதல்ல கம்பளத்தோட சேத்துத் தராசைச் சமன் பண்ணிடு."

வெளியே முதல் பனி விழத் தொடங்கியது. மேசையில் சூப் ஆறுவதற்குள் அம்மா, அக்கா, தம்பி மூவரும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். பட்டன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மற்றொரு காலைப் பச்சைக் கம்பளத்தில் நன்றாக ஊன்றி, அவனும் கண்ணை மூடினான்.