தொண்ணூற்றிரண்டு போதும்

செங்கரைக் குவிமாடத்தின் பொது மருத்துவமனையில் மாலை நான்கு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். ஆனால் மூன்றரைக்கே வாசலில் வரிசை வளைந்து நிற்கும். நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் துணிப்பையில் ஒரு மூச்சுக்குப்பி. செவ்வாய்க் கோளில் காற்று பங்கீட்டில்தான் கிடைக்கும். அதில் தினமும் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஆக்ஸிஜனாகப் பிரித்துக் குப்பியில் அடைத்து நோயாளிக்குக் கொண்டுவருவார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இவர்களுடைய மூதாதையர் பூமியில் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிப் போனார்கள் அல்லவா, அதே மரியாதைதான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக நம் ஆட்களுக்கு எந்தக் கோளிலும் மனம் வராது.

குப்பியை முகமூடியில் செருகிக் கொஞ்ச நேரமாவது மூச்சு ஊட்டினால்தான் வந்தவருக்குத் திருப்தி. குடியேற்றச் சட்டமும் இந்தப் பாசத்துக்குப் பணிந்துபோயிருந்தது. உறவினர் ஊட்டும் மூச்சைச் செவிலிப்பொறிகள் தடுக்கக் கூடாது. நோயாளியின் கணவனோ மனைவியோ சொன்னால் மட்டும் அகற்றலாம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நாத்தனார்கள் இல்லைபோலிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான் நன்னன். இருபத்திரண்டு வருடம் இரும்புச் சுரங்கத்தின் செந்தூசியைச் சுவாசித்த நுரையீரல், அதில் இப்போது நிமோனியா வேறு. அவனைக் கவனித்த செவிலிப்பொறியைச் செவ்வந்தி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். முதல் நாளே அது நன்னனின் மனைவி செங்கமலத்தை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"ரத்தத்துல ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுலேருந்து தொண்ணூத்திரண்டுக்குள்ள இருக்கணும்மா. குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து."

"கூடினா நல்லதுதானே?"

"இவர் நுரையீரல் தூசியில பழகிப்போனது. ஆக்ஸிஜன் மிஞ்சினா கரியமிலவாயு வெளிய போகாம ரத்தத்துலயே தங்கிடும். தூக்கம் தூக்கமா வரும். அப்புறம் எழுப்புறது கஷ்டம்."

செங்கமலம் பெருவிரல் ரேகை வைத்து ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு கட்டில் தலைமாட்டுத் திரையைத் தவிர அவள் கண் வேறெங்கும் போகவில்லை. வந்தவர்களிடம் நயமாகப் பேசிக் குப்பிகளை வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கினாள். எட்டு நாள் இப்படியே சமாளித்தாள்.

ஒன்பதாம் நாள் நன்னனின் அக்கா திலகவதி தென்துருவக் குடியிருப்பிலிருந்து வந்து இறங்கினாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். செய்தி கேட்ட நாளிலிருந்து தன் வீட்டுக் காற்றைப் பாதியாகக் குறைத்து, மூச்சு வாங்க வாங்க ஒரு முழ நீளக் குப்பியை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். திரையில் தொண்ணூற்றொன்று என்றிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது.

"என்ன செங்கமலம் இது? நூறு வரைக்கும் போற மெஷின்தானே?"

"இது போதும்னு சொல்றாங்க அண்ணி."

"சோத்துக்குப் போதும்னு சொல்லலாம். மூச்சுக்கு யாராவது போதும்பாங்களா? என் தம்பி உனக்கு எதுலயாவது குறை வெச்சிருக்கானா?"

நன்னன் எதிலும் குறை வைத்ததில்லை என்பதுதான் சங்கடம். செங்கமலம் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் திலகவதி குப்பியின் முனையை முகமூடியில் செருகித் திருகிவிட்டாள்.

"அம்மா, நீங்க சொன்னாத்தான் நான் எடுக்க முடியும்" என்றது செவ்வந்தி.

செங்கமலம் அண்ணியின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். அரை மணி நேரம்தானே, அண்ணி மனசும் ஆறட்டும் என்று நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

எண் ஏறியது. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது. அளவு மீறியதற்கான எச்சரிக்கை மணி ஒலித்தது.

"பாத்தியா, மணியே அடிக்குது" என்று பூரித்தாள் திலகவதி. பக்கத்துக் கட்டில்காரர்களின் உறவினர்கள்கூட எட்டிப் பார்த்து, கெட்டிக்காரி என்று தலையாட்டினார்கள். இத்தனை நாளாக உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடியவன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினான். முகத்தில் நல்ல சிவப்பு.

"எழுப்பாதே, பாவம். இப்பத்தான் நிம்மதியா தூங்குறான்."

"கரியமிலவாயு ஏறுதும்மா" என்றது செவ்வந்தி, மூன்றாவது முறையாக.

"ஏங்க" என்றாள் செங்கமலம். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரு 'ம்' வந்துவிடும். இப்போது வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது.

"எடு செவ்வந்தி. எடுத்துடு. இனிமே யார் கொண்டாந்து வெச்சாலும் எடு. அண்ணி, என்னை என்ன திட்டணுமோ திட்டுங்க. அப்புறமா திட்டுங்க."

செவ்வந்தி குப்பியை அகற்றியது. ஒரேயடியாக நிறுத்தாமல் ஆக்ஸிஜனைப் படிப்படியாக இறக்கித் தொண்ணூற்றில் நிறுத்தியது. காற்றை அழுத்தித் தரும் இறுக்கமான முகமூடியை மாட்டி, தேங்கிய வாயுவை வெளியேற்றத் தொடங்கியது. இரண்டு பெண்களும் கட்டிலின் இரு பக்கமும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நன்னன் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்று முகமூடிக்குள்ளிருந்து குழறினான்.

திலகவதி வாய்விட்டு அழுதாள். "என் கையாலயே போக்கடிச்சிருப்பேனே செங்கமலம்."

"நானும் பாத்துக்கிட்டுத்தானே அண்ணி நின்னேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் செங்கமலம். அவளும் அழுதாள்.

மறுநாளிலிருந்து திலகவதி பிரிவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குப்பியோடு வந்த ஒருவரும் அவளைத் தாண்டிப் போக முடியவில்லை.

மூன்று வாரத்தில் நன்னன் வீடு திரும்பினான். விரலில் மாட்டும் அளவுமானி தொண்ணூற்றிரண்டு காட்டும்போதெல்லாம் செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. விசாரிக்க வந்தவர்களிடம், எதிலும் ஒரு அளவு வேண்டும், நூறுக்கு ஆசைப்பட்டால் உள்ளதும் போய்விடும் என்று அவள் பேசப் பேச, தெருவே அவளைப் பெரிய மனுஷியாகப் பார்த்தது.

அந்த வாரக் கடைசியில் மகள் நித்திலா பள்ளியிலிருந்து வந்து கோளியல் தேர்வு முடிவை நீட்டினாள். வகுப்பிலேயே அவள்தான் முதல். செங்கமலம் வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"தொண்ணூத்திரண்டா? மீதி எட்டு எங்கடி போச்சு?"

நித்திலா அப்பாவைப் பார்த்தாள். நன்னன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அந்த எட்டுதான் கமலம் என்னைக் கொல்லப் பாத்துச்சு."

செங்கமலம் ஒரு கணம் யோசித்தாள். யோசித்தாள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு, நல்ல பயிற்சிப்பொறி எந்தத் தெருவில் இருக்கிறதென்று கேட்க அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.